பாக்கியண்ணையின் ஜெபம் சுருங்கிய கதை

தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறக்கிவிட்ட படகு எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, அதன் மூடிமேல் உள்ளங்கையைப் பதித்து, காதைச் சரித்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் பாக்கியரத்தினம். எந்த எஞ்சின் வந்தாலும் முதலில் இதுதான்; ஸ்பானர் எல்லாம் பிறகு. கிண்ணியாவிலிருந்து அதை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த கலீலுர் றஹ்மான், "என்ன பாக்கியண்ணே, எஞ்சினுக்கும் ஜெபமா?" என்று சீண்டுகிறார். "கொஞ்சம் பேசாம இரும். எங்க நோகுது எண்டு அது சொல்லுது" என்கிறார் இவர், கண்ணைத் திறக்காமலே.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு தகரக் கொட்டில்தான் இவருடைய வேலைத்தலம். வயது அறுபதை நெருங்குகிறது. சட்டைப்பையில் பழைய பிளக்கும் சின்னப் புதிய ஏற்பாடும் ஒன்றாகக் கிடப்பதால் நான்கு சுவிசேஷங்களிலும் கிரீஸ் கறை. சாப்பிடுமுன் மூன்று தரம் சவர்க்காரம் போடுவார். நகத்துக்குள் இருக்கும் கறுப்பு மட்டும் போகாது.

எஞ்சினுக்குக் காது கொடுக்கத் தெரிந்த மனுசனுக்கு ஆட்களுக்குக் காது கொடுக்க வெகுகாலம் பிடித்தது. வெள்ளி மாலைகளில் சபையார் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபக்கூட்டம் நடத்துவார்கள். வட்டமாக இருந்து, ஒருவர் முடிக்க அடுத்தவர் வாய்விட்டு ஜெபிக்கவேண்டும். இவர் முறை வந்தால் ஊர்ப் புதினம் முழுவதும் பரலோகம் போய்ச் சேரும். "ஆண்டவரே, பச்சைக் கேற் வீட்டுக்காரர் மூண்டு ஞாயிறாச் சேர்ச்சுக்கு வரேல்ல, அவரைச் சந்தியும்." வாசலில் பச்சைக் கேற் போட்ட அந்த வீட்டுக்காரர் எதிர்க் கதிரையில் நெளிவார். ஆண்டவருக்கு விலாசம் தெரியாது என்று இவருக்கு ஒரு நினைப்பு. கூட்டம் இவர் வீட்டில் என்றால், மனைவி றோசலின் ஊற்றிவைத்த, பால் விடாத பிளேன்ரீ ஆறித் தண்ணீராகிவிடும்.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம், அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்.

எட்டு வருடத்துக்கு முன் நடந்தது. தம்பி தனஞ்சயனும் அப்போது இதே கொட்டிலில்தான் வேலை. தம்பியின் மகள் பிரியதர்சினியைப் பார்க்க மட்டக்களப்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அவர்களும் ஜெபக்கூட்டத்தில் வந்து இருந்தார்கள். அண்ணன் எழுந்தார். "ஆண்டவரே, என்ர தம்பியைக் குடியில இருந்து விடுவியும். போன கிழமையும் கடற்கரையில விழுந்து கிடந்தவன்."  மாப்பிள்ளை வீட்டார் பிளேன்ரீ குடிக்காமலே எழுந்து போனார்கள். மறுநாள் தனஞ்சயன் தன் ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டு வீதியின் மறுபக்கம் தனிக் கொட்டில் போட்டான். சேர்ச் வாசலையும் அதோடு மிதிக்கவில்லை.

"உண்மையைத்தானே சொன்னனான்" என்று ஒரு வருடம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தார். அடுத்த வருடம், தம்பிக்கு நல்ல புத்தி கொடுக்கும்படி ஜெபித்தார். பிரியதர்சினிக்கு வேறிடத்தில் கலியாணம் நடந்தபோது அண்ணன் வீட்டுக்கு அழைப்புக் காட் வரவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளை. அன்று முழுவதும் ஒரே காபரேட்டரைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார்.

திருந்தினார் என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல ஏலாது. ஒரு தரம் கலீலின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோக, மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டாய் என்று அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். பிறகு பார்த்தால், தான் பூட்டாமல் விட்ட வாஷர் மேசையிலேயே கிடந்தது. "பிழை என்ரதான், தம்பி" என்றார் கலீலிடம். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததைக் கலீல் கிண்ணியா முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

ஜெபத்திலும் முதலில் ஆட்களின் பெயர் போனது. பிறகு விலாசம் போனது. பிறகு 'அவர்களை மாற்றும்' என்பது போய் 'என்னை' என்று வந்தது. இடையில் வழுக்கியும் விழுந்தார். போன வருடம் தம்பி வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போய், ஏன் அப்படி ஜெபித்தேன் என்று அரை மணித்தியாலம் விளக்கிவிட்டு வந்தார். "மன்னிப்புக் கேக்கப் போனனீங்களோ, வழக்குப் பேசப் போனனீங்களோ?" என்று கேட்டாள் றோசலின். 

போன திங்கள் வீதியைக் கடந்து தம்பியின் கொட்டில் வாசலில் நின்றார். "தம்பி, அண்டைக்கு நான் ஆண்டவரோட கதைக்கேல்ல. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேக்கத்தான் கதைச்சனான். நான் நல்லவன் எண்டு காட்ட." அவ்வளவுதான். திரும்பி வந்துவிட்டார். தனஞ்சயன் தலை நிமிரவேயில்லை.

இந்த வெள்ளி, ஜெபக்கூட்டம் பாக்கியரத்தினம் வீட்டில். முதல் பாட்டு முடியும்போது தனஞ்சயன் வந்து, கதவோரக் கதிரையின் நுனியில் இருந்தான். எழுந்து ஓடத் தயாராக இருப்பவன் இருப்பு அது. ஜெபம் வட்டமாகச் சுற்றி அண்ணனிடம் வந்தது. றோசலின் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ஆண்டவரே" என்றார் பாக்கியரத்தினம். மேலே ஒன்றும் வரவில்லை. எழுந்து, கதிரைகளுக்கு இடையால் நடந்து, தம்பியின் முன்னால் முழங்காலில் நின்று, தனக்காக அவன் ஜெபிக்கட்டும் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

 தனஞ்சயன் நகமெல்லாம் கறுப்பான தன் கையை மெல்லத் தூக்கி அண்ணனின் தலையில் பதித்தான். பிறகு, எஞ்சினைக் கேட்பதுபோல, காதைச் சரித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.