எந்தத் தோட்டம்?

போன மாதம் அலுவலகத்தில் எங்களை அரைநாள் பயிற்சிக்கு உட்கார வைத்தார்கள். புதியவர்களிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி என்பதுதான் பாடம். இருபது வருடத்துக்கு மேலாக ஊரோடு பேசிப் பேசியே சம்பளம் வாங்குகிற எனக்கு, இந்த வயதில் இப்படியொரு பாடம். சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மழையைப் பற்றிப் பேசலாம், சாலை ஜாமைப் பற்றிப் பேசலாம், சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம். எந்த ஊர், என்ன குடும்பம் என்று மட்டும் முதல் சந்திப்பில் கேட்கவே கூடாது என்றார். பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் பேசிப் பழகச் சொன்னார். எனக்கு வாய்த்தவர் ஓர் இளைஞர். நாங்கள் இருவரும் காஜாங் சாலை ஜாமைப் பற்றி மூன்று நிமிடம் மிக ஒழுங்காகப் பேசினோம். ஏசிக் குளிர் தாங்கவில்லையோ என்னவோ, நடுவில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தைலக் குப்பியை எடுத்து நெற்றியில் தடவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. அது திரேசா அக்காவின் வாசனை.

எனக்கு முதல் வேலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த பயண ஏஜென்சியில். கிள்ளானில் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டில் அறை எடுத்துக்கொண்டு தினமும் கொமுட்டர் ரயிலில் போய்வந்தேன். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா அப்பா இருவருமே பால்வெட்டு. ஆனால் அந்த முதல் மாதத்தில் நான் வாங்கிய குதிகால் செருப்பையும், அதைப் போட்டுக்கொண்டு நான் நடந்த நடையையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் சடக்கில் நாலடிகூட அதில் நடக்க முடியாது.

திரேசா அக்கா கோலாலம்பூரில் ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நீலச் சீருடை, மடியில் ஒரு துணிப்பை, வலிக்கிற முட்டியில் எப்போதும் தைலம். ரயிலில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், நம்ம முகமாக இருந்தால், “பசியாறியாச்சா?” என்று தொடங்குவார். அடுத்த கேள்வி, “எந்தத் தோட்டம்?”

அப்போது நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் பேச்சைத் தொடங்கினார்கள். தோட்டத்தின் பேரைச் சொன்னால் போதும், அங்கே ஒரு சின்னம்மா இருப்பார், அல்லது சின்னம்மாவின் சம்பந்தி இருப்பார். ஷா ஆலாம் ஸ்டேஷன் வருவதற்குள் இருவரும் உறவாகிவிடுவார்கள். முதல் நாள் அக்கா என்னையும் கேட்டார். எதிரில் என் வயதுப் பெண்கள் இரண்டு பேர் கைப்பேசியும் கையுமாக இருந்தார்கள். என் செருப்பு என் காலிலிருந்து பதில் சொன்னது என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

“தோட்டமெல்லாம் இல்லக்கா. செந்தூல். அப்பா ரயில்வேல.”

பொய் சொல்வது சுலபம். அதைத் தினமும் காலை ஆறே முக்காலுக்குப் பராமரிப்பதுதான் கஷ்டம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை வாங்கிக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் பதவி உயர்வும் கொடுத்தேன். கோலாலம்பூரிலேயே வீடு இருக்கும்போது ஏன் கிள்ளானில் ஏறுகிறாய் என்று அக்கா கேட்டபோது, செந்தூல் வீட்டில் இடமில்லை என்று ஒரு தம்பியையும் தங்கையையும் கூடுதலாகப் பெற வைத்தேன். ஒருநாள் உண்மையான செந்தூல்காரர் ஒருவரை அக்கா பிடித்து உட்கார வைத்து, “இந்தப் பொண்ணும் உங்க ஊருதான்” என்றார். அவர் எந்த பிளாட் என்று கேட்க வாயெடுப்பதற்குள் ஷா ஆலாமில் இறங்கி அடுத்த ரயிலுக்கு நின்றேன். அன்றைக்கு ஆபீசுக்கு அரைமணி நேரம் தாமதம்.

இப்படி ஒரு வருடம் போனது. அக்கா என்னைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்திருந்தார், அவ்வளவும் பொய். நான் அக்காவைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பாரே.

ஒரு காலையில் அக்கா ஒரு பெரியவரிடம் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார். காப்பார் பக்கத்துத் தோட்டம் என்று பெரியவர் சொன்னதும், அங்கே லோரி ஓட்டுகிற அந்தோணி என்று யாராவது உண்டா என்று அக்கா கேட்டார். பெரியவர் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். யாரைத் தேடுகிறீர்கள் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

அண்ணனாம். அக்கா வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டபோது வீட்டில் பெரிய சண்டை. மாப்பிள்ளையின் மேல் அண்ணன் கைவைத்துவிட்டார். “நீ எனக்கு அண்ணனே இல்லன்னு சொல்லிட்டேம்மா. அன்னிக்கிப் போனவன்தான். ஏதோ தோட்டத்துல லோரி ஓட்டுறான்னு மட்டும் தெரியும். எங்க வீட்டுக்காரரும் போயிட்டாரு, இனி யாருக்காக இந்த வார்த்தைய வெச்சுக்கிறது? அதத் திருப்பி எடுத்துடணும்.” பிறகு, அண்ணனின் இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்கும், சின்ன வயதில் தான் வீசிய தேங்காய்ச் சிரட்டை பட்டது என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தப் புருவத்தை ஆறு வருடம் லோரியின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள் நான். எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கடைசி வீட்டில் தனியாக இருந்தவர் அந்தோணி அண்ணன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இப்படியொரு தங்கை அவருக்கு இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் செந்தூல், ரயில்வே, தம்பி, தங்கை எல்லாவற்றையும் கலைக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஒருநாள் துணிந்து, “அக்கா, ஒண்ணு சொல்லணும்” என்றேன். “சொல்லும்மா” என்று முகத்தைத் திருப்பினார். “உங்க பையில தையல் விட்டிருக்கு” என்றேன். அக்கா பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நன்றி சொன்னார். இரண்டு மாதம் இப்படியே ஓட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை அக்கா வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அதே நீலச் சீருடையில் ஏறிய இன்னொருத்தியிடம் விசாரித்தேன். குளியலறையில் விழுந்துவிட்டாராம். வலப்பக்கம் கை கால் வரவில்லை, பேச்சும் போய்விட்டது, பண்டமாரான் பிளாட்டில் மகளோடு இருக்கிறார் என்றாள்.

நான் அக்காவைப் பார்க்கப் போகவில்லை. சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அந்தோணி அண்ணன் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், நான் மறைத்ததையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டவில்லை. குழாயை மூடிவிட்டு, எப்போது போகலாம் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் நான் கிள்ளான் பஸ் நிலையத்தில் காத்திருந்து, வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கியவரைப் பண்டமாரானுக்குக் கூட்டிப்போனேன். மகள் கதவைத் திறந்தார். அறை முழுக்கத் தைல வாசனை. அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அந்தோணி அண்ணன் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். இருபது வருடத்துக்குப் பிறகு எதைச் சொல்லித் தொடங்குவது?

“பந்திங்ல பஸ்ஸு லேட்டு” என்றார். “மழ வேற.”

அக்கா இடது கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அண்ணன் பேச்சை நிறுத்தவில்லை. லோரிக்கு டயர் மாற்றியது, ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டது, தோட்டத்துக் கோயிலுக்குப் பெயிண்ட் அடித்தது. அக்கா நடுநடுவே “அ… அ…” என்று எதையோ சொல்லப் பார்த்தார். அந்த ஒரு எழுத்துதான் வருகிறது என்றார் மகள்.

“தெரியும், விடு” என்றார் அந்தோணி அண்ணன், தங்கையைப் பார்த்து.

கிளம்பும்போது நான் அக்காவின் பக்கத்தில் முட்டி போட்டு, நான் செந்தூல் இல்லை, அண்ணன் இருக்கிற தோட்டம்தான், இரண்டு மாதமாக எனக்குத் தெரியும் என்றேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது கோபமா, அல்லது நான் சொன்னது அவருக்கு விளங்கவே இல்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு முகத்தை அண்ணன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தோணி அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். அடுத்த தவக்காலத்தில் அக்கா இறக்கும்வரை பேச்சு முழுவதும் அவருடையதுதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு மாதத்தில் எட்டோ ஒன்பதோ ஞாயிறு வந்து போயிருக்கும். அதில் ஒன்றே ஒன்று போதும், அக்கா தன் வார்த்தையைத் தன் வாயாலேயே எடுத்திருப்பார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மாவிடம்கூட.

தோட்டத்தை விற்றபோது அந்தோணி அண்ணனை அக்காவின் மகள் தன்னோடு கூட்டிப்போனார். சில வருடத்தில் அண்ணனும் இறந்துவிட்டார். லயத்துக் குடும்பங்கள் பந்திங், கிள்ளான், செலாயாங் என்று சிதறின. சிலர் போன இடமே தெரியவில்லை.

சென்ற ஞாயிறு காரை எடுத்துக்கொண்டு தோட்டம் இருந்த பக்கம் போனேன். சடக்கு இருந்த இடத்தில் அகலமான தார்ச்சாலை, அதன் முடிவில் ஒரு பெரிய கேட், உள்ளே ஒரே மாதிரி இரண்டு மாடி வீடுகள். காவலுக்கு இருந்த நேப்பாளத்துப் பையன் காரை மறித்து, பதிவுப் புத்தகத்தை நீட்டி, யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று மலாயில் மரியாதையாகத்தான் கேட்டான். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டேன். எழுதுவதற்கு ஒரு பேர்கூட என்னிடம் இல்லை.