முன்வாசலில் வைத்த கால்

என் சித்தப்பாவை நினைத்தால், ஜனவரி முதல் தேதி விடியலில் பீலித் தண்ணீருக்குத் தலையைக் கொடுத்து நிற்கும் அவருடைய உருவம்தான் முதலில் வருகிறது. மலையிலிருந்து மூங்கில் வழியே விழும் அந்தத் தண்ணீர் மார்கழிக் குளிரில் ஊசியாய்க் குத்தும். ரப்பர் மரங்கள் இலை சிவந்து உதிரத் தொடங்கியிருக்கும். லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, அவர் சீயக்காய் தேய்த்து முடியை அலசிக்கொண்டிருப்பார். அடர்ந்து சுருண்ட, கன்னங்கரேலென்ற முடி. அந்த முடிக்காகத்தான் வருடத்தில் ஒரு நாள் காலையில் மட்டும் துரை பங்களாவின் முன்வாசல் அவருக்குத் திறந்தது.

நிவித்திகலைக்கு மேலே இருந்த ரப்பர் தோட்டம் அது. சித்தப்பா பால் வெட்டினார். அம்மா பங்களாவில் துணி துவைத்துக் கூட்டிப் பெருக்கினாள். துரை ஸ்கொட்லாந்துக்காரர். துரைசாணியோ அதற்கும் வடக்கே கடலுக்குள் கிடக்கும் ஒரு தீவில் பிறந்தவர். செம்பட்டை முடி, உடைந்த தமிழ். ஞாயிற்றுக்கிழமை இரத்தினபுரியிலிருந்த கிறிஸ்தவக் கோயிலுக்குப் போவார். ஆனால் பங்களா நிலைக்கு மேலே குதிரை லாடம் அடித்து வைத்திருந்தார். நல்ல வார்த்தை ஏதாவது சொல்லிவிட்டால் கண்படாமலிருக்க உடனே மேசைக் கட்டையைத் தொடுவார். மாட்டுத் தொழுவத்தில் குச்சிகளைச் சிலுவையாக வைத்துச் சிவப்பு நூல் சுற்றித் தொங்கவிட்டிருந்தார். இயேசு சாமி அந்தத் தீவுக்கு வருவதற்கு முந்திய பழக்கங்கள் இவை, பாதிரியாரிடம் சொல்லாதே என்று அம்மாவிடம் சிரிப்பாராம். "வெள்ளக்காரங்களுக்கும் சகுனம் இருக்குது பாரு" என்று லயத்தில் எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம்.

புது வருடத்தன்று வீட்டுக்குள் முதலில் கால் வைக்கும் வெளியாள் கறுப்பு முடி ஆணாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். கையில் கரித்துண்டு, ரொட்டி, உப்பு கொண்டுவர வேண்டும். அடுப்பு அணையாது, சோறு குறையாது என்று அர்த்தம். மஞ்சள் முடிக்காரன் வந்தால் ஆகாது. பெண் வந்தால் இன்னும் மோசம். ஆதிகாலத்தில் மஞ்சள் முடிக்காரர்கள் கப்பலில் வந்து ஊரைக் கொள்ளையடித்தார்களாம், அந்தப் பயம் இன்னும் போகவில்லையாம். இந்தக் கதை எவ்வளவு உண்மையென்று அங்கேயே யாருக்கும் நிச்சயமில்லை என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். ஆனால் வழக்கம் மட்டும் சாகவில்லை. இன்றைக்கும் அந்த ஊர்களில் கரித்துண்டோடு அயல் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்களாம்.

தோட்டத்து ஆட்கள் பங்களாவுக்குப் பின்பக்கம், சமையல் நடக்கும் குசினி வழியாகத்தான் போக வேண்டும். பெரிய கிளாக்கர்கூட முன்படியில் நின்றுதான் பேசுவார். சித்தப்பா மட்டும் அந்த ஒரு நாள் காலையில், வெள்ளை வேட்டி சட்டையோடு சிரட்டைக்கரியை ஏந்திக்கொண்டு முன்கதவால் உள்ளே நடந்தார். துரை கைகுலுக்கி ஒரு சின்னக் கிளாசில் சாராயம் ஊற்றிக் கொடுப்பார். சித்தப்பா அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் திரும்பும்போது, வரும் வழியெல்லாம், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம்வரை ராஜநடைதான்.

இரண்டு நாட்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு எங்களில் பாதிப்பேரை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு லயமெல்லாம் அடிபட்ட சமயம். நான் அப்போதுதான் பால்வெட்டில் பெயர் பதிந்திருந்தேன். அந்த மார்கழியில் சித்தி முதல் பிரசவத்தில் இறந்துபோனாள். பெண் குழந்தை மட்டும் பிழைத்தது. "தாயை முழுங்கிட்டு வந்த புள்ள" என்று தண்ணிக்கு வந்த பெண்கள் பேசியது சித்தப்பாவின் காதிலும் விழுந்தது. என் தம்பிக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த அம்மா, அந்தக் குழந்தைக்கும் ஊட்டினாள்.

புது வருடம் வந்தது. சித்தப்பா பீலிக்குப் போகவில்லை.

"தீட்டு வீட்டு ஆளு, அண்ணி. நான் போய் அந்த வீட்டுல கால் வைக்கிறதா? வேற யாரையாச்சும் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

அம்மா போய்ப் பங்களாவுக்கு வெளியே நின்றே சொன்னாள். கொஞ்ச நேரத்தில் துரைசாணியே லயத்துக்கு இறங்கி வந்தார். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, "ஏன் வராது? சொல்லு" என்றார். சித்தப்பா தலை நிமிரவில்லை. அம்மாதான் தீட்டைப் பற்றிச் சொன்னாள். குழந்தையைப் பற்றி ஊர் பேசுவதையும் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். துரைசாணி குழந்தையைப் பார்க்கக் கேட்டார். நான் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். தலை நிறைய முடி, அப்பனைப் போலவே கறுகறுவென்று. அவர் அதை விரலால் தடவினார்.

"கறுப்பு முடி. நல்லது. இவள் வரட்டும்."

"பொம்பளப் புள்ளங்க தொரசாணி. ஆகாதுன்னு சொல்லுவீங்களே?" என்றாள் அம்மா.

"அது என் ஊர். இது உன் ஊர்" என்றார். பிறகு சித்தப்பாவைக் காட்டி, "அப்பா தூக்கட்டும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டார்.

லயமே வெளியே வந்து பார்த்தது. சித்தப்பா குளித்துவிட்டு, குழந்தையைப் பழைய சேலைத்துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார். கரியும் ரொட்டியும் உப்பும் என் கையில். முன்வாசலில் அவருக்குக் கால் எழவில்லை. துரைசாணி உள்ளே நின்று இரண்டு கைகளையும் நீட்டினார், வெளியே வரவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையோடே சித்தப்பா வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார்.

அந்த வருடம் நல்ல வருடமாகப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பெருமழையில் ரோடு சரிந்து துரையின் ஜீப் உருண்டது. அவருக்குக் கால் முறிந்து மாதக்கணக்கில் படுக்கை. "தொரை வீட்டுலயும் கால் வச்சிட்டா" என்று மறுபடி பேச்சு கிளம்பியது. சித்தப்பா பங்களாப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார். வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள் என்று ஒவ்வொரு பிரட்டிலும் நடுங்கிக்கொண்டு நின்றார்.

அடுத்த டிசம்பர் கடைசியில் அம்மா பங்களாவிலிருந்து ஓட்டமாக வந்தாள். போன வருடம் வந்த அப்பனும் மகளுமே வர வேண்டுமாம். அம்மாவுக்கே மனசு கேட்காமல், துரையின் காலைப் பற்றி ஞாபகப்படுத்தியிருக்கிறாள். அதற்குத் துரைசாணி சொன்ன பதிலை அம்மா அதே உடைந்த தமிழில் நடித்துக் காட்டினாள்: "கால்தானே உடைஞ்சது? கழுத்து உடையல்லை. யாராலே? இந்தக் குட்டியாலே!" சித்தப்பா அன்றைக்குத்தான், ஒரு வருடம் கழித்து, வாய்விட்டு அழுதார்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு மெல்ல ஓய்ந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரையும் துரைசாணியும் கப்பலேறினார்கள். புதிதாக வந்த துரைக்குச் சகுனம் எதுவும் கிடையாது; முன்கதவும் ஒன்றுதான், பின்கதவும் ஒன்றுதான். கொஞ்ச நாளில் சித்தப்பாவுக்கும் மகளுக்கும் இந்திய பாஸ்போர்ட் வந்தது. அவர் கூடலூர்ப் பக்கம் தேயிலையில் வேலை செய்து, முடி முழுவதும் நரைத்து, அங்கேயே இறந்தார். அந்த மகள், என் தங்கச்சி, இன்றைக்கும் அங்கே பேரன் பேத்திகளோடு இருக்கிறாள். எனக்கு மறக்காதது அவர்கள் தோட்டத்தை விட்டுப் போன காலைதான்.

அதற்கு முந்திய வருடம் எங்கள் அப்பா இறந்திருந்தார். பயணம் கிளம்புகிறவர்களுக்கு எதிரே தாலியறுத்தவள் வரக்கூடாது என்று அம்மா காம்பிராவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். பால் கொடுத்து வளர்த்த பிள்ளை போகிறது; வெளியே வரவில்லை. டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றியாயிற்று. பன்னிரண்டு வயதுத் தங்கச்சி நகர மாட்டேன் என்றாள்.

"பெரியம்மா வராம நான் போவல."

"நல்ல காரியம் கண்ணு, பெரியம்மா வரக்கூடாது" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். சித்தப்பா பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார். சாத்திய கதவுக்கு வெளியே போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அண்ணி, நீங்க எதிர்ல வந்தாத்தான் நாங்க அடி எடுத்து வைப்போம். இல்லாட்டி இந்தப் பஸ் போவட்டும்."

பிறகு தாழ்ப்பாள் விலகியது. அம்மா வெளியே வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் ரோட்டு வளைவுவரை தனியாக நடந்து போய், அங்கிருந்து திரும்பி, அவர்களுக்கு எதிரே நடந்து வந்தாள்.