குண்டானுக்குள் கடலூர்

வேதியியல் வாத்தியார் வீட்டில் இப்படி ஒரு குண்டானா என்று என் மச்சினி வரும்போதெல்லாம் கேட்பாள். எவர்சில்வர் குண்டான்தான். வெளியே முகம் பார்க்கலாம். உள்ளே சுண்ணாம்பு அடித்த பழைய சுவர் மாதிரி உப்புப் படிந்து, தடித்து, அங்கங்கே விரிசல் விட்டிருக்கும். கொஞ்சம் வினிகர் ஊற்றிக் காய்ச்சினால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். இந்தச் சமன்பாட்டைப் பலகையில் எழுதி எழுதியே எனக்குத் தலை நரைத்தது. வீட்டில் மட்டும் செய்து பார்த்ததில்லை.

அது என் மனைவியின் வெந்நீர்க் குண்டான். அவளுக்கு வீசிங். வருஷம் பூராவும் வெந்நீர்தான் குடிப்பாள், அதுவும் போர் தண்ணீரைக் காய்ச்சி. கேன் தண்ணீர் வாங்கலாமே என்றால், "சப்புன்னு இருக்குதுங்க, தண்ணி குடிச்ச மாதிரியே இல்ல" என்பாள். மண்ணுக்குள் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிற தண்ணீர் அது. காய்ச்சும்போது அந்தச் சுண்ணாம்பு பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளில் படிவது கண்ணுக்கே தெரியாது. நன்றாகத் தேய்த்தால் என்ன என்று அவளிடம் எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

அவள் போய் மூன்று வருஷமாகிறது. ஓர் ஆளுக்கு எதற்கு இந்தப் பாடு என்று கேனுக்கு மாறிவிட்டேன். அந்தத் தண்ணீரை அதே குண்டானில் ஊற்றித்தான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவள் இருந்தபோது அடுப்படிப் பக்கமே போகாதவன், இப்போது அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறேன். அவள் இருமல் சத்தத்துக்குக்கூட மனசு ஏங்குகிறது.

போன தேர்த் திருவிழாவுக்குக் கடலூரிலிருந்து மச்சினி சிதம்பரம் வந்தாள். கும்பிட்டுவிட்டு வந்தவள் சும்மா உட்காரவில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் எலுமிச்சம்பழத்தை அரிந்து வைத்து, குண்டானைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பில் அமிலப் பாட்டிலைத் தொடுகிற பையனிடம் கத்துவதைப்போல அவளிடம் கத்திவிட்டேன். அவள் கை அப்படியே நின்றது. நகமளவு சில்லு ஒன்று பெயர்ந்து மேடையில் விழுந்திருந்தது.

கத்தியதற்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வராத வாத்தியார் நான், பாடம் நடத்த ஆரம்பித்தேன். சில்லைப் பக்கவாட்டில் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். கம்மாபுரம் பக்கம் பிள்ளைகளை நிலக்கரிச் சுரங்கம் பார்க்க அழைத்துப் போகும்போது சொல்வதைத்தான் சொன்னேன். படிவதில் அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. பாத்திரத்தை ஒட்டியிருந்த பக்கம் செம்பழுப்பாக ஒரு கோடு. அது கடலூர், கல்யாணமான புதிதில் அங்கே குடியிருந்த வீட்டின் போர் தண்ணீரில் இரும்பு ஜாஸ்தி, துவைத்த வேட்டியெல்லாம் மஞ்சளாகிவிடும். அதற்கு மேலே தடிமனாக வெள்ளை. அது சிதம்பரம், எனக்கு இங்கே மாற்றலாகி வந்த பிறகு அவள் காய்ச்சியது.

மச்சினி சில்லை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அக்காவின் கையைப் பிடித்திருப்பவளைப்போல இரண்டு விரலால் பிடித்திருந்தாள்.

"அக்கா போனப்புறம் படிஞ்சது எது மாமா?"

ஒன்றும் இல்லை என்றேன். கேன் தண்ணீரில் சுண்ணாம்பை எடுத்துவிடுகிறார்கள், காய்ச்சினாலும் படிய எதுவும் இல்லை என்று விளக்கினேன்.

"அப்போ மூணு வருசமா நீங்க இந்த வீட்டுல இல்லவே இல்லியா?"

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எந்தப் பிள்ளையும் என்னை இப்படி மடக்கியதில்லை.

அவள் எலுமிச்சம்பழத்தை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தாள். நான் சில்லைக் குண்டானுக்குள்ளேயே போட்டேன். கேனைத் தள்ளி வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து போர் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினேன்.

டீ லேசாக உப்புக் கரித்தது. மச்சினி ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டேன்.