மஞ்சள் துணியில் முடிந்த கல்

புழுங்கல் அரிசிக்குள் முழங்கைவரை கையை விட்டால், வெளியே எவ்வளவு வெயிலடித்தாலும் உள்ளே ஒரு குளிர்ச்சி இருக்கும். எங்கள் அரிசி டிரம்மில் அந்தக் குளிர்ச்சிக்கும் அடியில், மஞ்சள் துணியில் முடிந்து, காரின் இரண்டாவது சாவி கிடந்தது. அரிசியில் வைத்த பொருள் வீட்டைவிட்டுப் போகாது என்று அம்மா நம்பினாள். அம்மா நம்பியதை நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே அது ஒன்றுதான் கார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிச்செல்ல அப்பா வாங்கியது. அவருக்கு முடியாத நாட்களில் அடுத்த தெருவிலிருந்த தாஸ் மாமா ஓட்டுவார். உறவினர் அல்லர், ஆனால் எங்கள் வீட்டில் யாரையும் கேட்காமல் தண்ணீர் மொண்டு குடிக்கும் உரிமையுள்ளவர். "இன்னா ஓனரம்மா, முன்னால குந்துறீங்களா?" என்று கதவைத் திறந்துவிட்டு என்னைக் கேலி செய்வார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. எங்களிடம் கார் இருப்பதை வகுப்பில் ஒருத்தி நம்ப மறுத்தாள் என்பதற்காக அந்தச் சாவியை எடுத்துப்போய்க் காட்டினேன். வீடு திரும்புகையில் வரப்பின்மேல் அதை விரலில் சுழற்றிக்கொண்டே நடந்தேன். நழுவி, உழுதுபோட்ட சேற்றுக்குள் விழுந்தது. பொழுது சாயும்வரை துழாவியும் கிடைக்கவில்லை. அந்த எடைக்கு ஒரு கல்லைப் பொறுக்கி, மஞ்சள் துணியில் முடிந்து, பழைய இடத்திலேயே புதைத்துவைத்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு விடியற்காலையில், வாசலிலிருந்த பூவரச மரத்தடி வெறுமையாக இருந்தது. அப்பா செய்யவேண்டியதையெல்லாம் முறையாகச் செய்தார். காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுத்தார், அதன் நகலோடு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார். "ரெண்டு சாவியும் குடுக்கணும் சார். ஒண்ணு கொறஞ்சாலும் சந்தேகப்படுவாங்க" என்றார்கள் அங்கே.

டிரம்மைக் கவிழ்த்து அம்மா துணியை அவிழ்த்தாள். கல் உருண்டது.

"இது வெளியாள் வேல இல்ல," என்று அப்பாவிடம் சொன்னாள் அம்மா. "அன்னிக்கு நீ சாவிய மறந்துட்டுப் போனப்போ நான்தான் இத அரிசிலேர்ந்து எட்த்துக் குட்த்தேன். தாஸு பாத்துக்கினுதான் நின்னான்."

அப்பா தாஸ் மாமாவின் பெயரைக் காவல் நிலையத்தில் சொன்னார். காலையில் அழைத்துப் போனவர்கள், எதுவும் தேறாமல் மாலையில் அனுப்பிவைத்தார்கள். அவர் நேரே எங்கள் வாசலுக்குத்தான் வந்தார், உள்ளே வரவில்லை.

"உன் சாவிய எட்த்துக்கினு கல்ல வெக்கிறவனா நானு? சொல்லுண்ணே."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றார். தாஸ் மாமாவின் பார்வை, கதவுத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்மேல் வந்து நின்றது. "நீயாச்சும் சொல்லு பாப்பா, மாமா எடுப்பனா?"

திரையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

அதன்பின் எங்கள் பக்கத்தில் யாரும் அவரை வண்டியோட்டக் கூப்பிடவில்லை. மனைவியை அழைத்துக்கொண்டு சூளூர்ப்பேட்டைப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். காரும் கிடைக்கவில்லை, காப்பீடும் வரவில்லை.

சென்ற ஆண்டு அப்பா இறந்தபோது, நரைத்துத் தளர்ந்து, வாசல்வரை தாஸ் மாமா வந்தார். பிள்ளை பெற்று வளர்த்த வயதில், அத்தனை பேர் நடுவிலிருந்து அவரைத் தனியாக அழைத்துப்போய், சாவியைத் தொலைத்துக் கல்லை வைத்தது நான்தான் என்று சொன்னேன்.

"நீ சின்னப் பொண்ணு, பயந்துட்ட," என்றார். "உங்கப்பன் பெரிய மனுசன். அவன் உள்ள கூப்ட்டு ஒரு வார்த்த என்னியக் கேட்டிருக்கலாம்." தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் போனார்.

சாவி விழுந்த வயலின்மேல் இன்று கண்டெய்னர்கள் அடுக்கி நிற்கின்றன. பூவரச மரம் இல்லை, அரிசி டிரம் இல்லை, அப்பா இல்லை. அம்மா இருக்கிறாள். வீட்டில் எது காணாமற்போனாலும் இன்றும் தாஸ் மாமாவின் பெயரைத்தான் முதலில் சொல்கிறாள்; அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.