அத்தானின் கம்ப்யூட்டரில் கை வைத்த கதை

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் மைக் என்றுதான் சொல்வார்கள். குழாய் வேலை செய்பவர். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, கீழே குளியலறையில் இருக்கும் ஆளிடம் "மூடு" என்பார். போன் எதுவும் வேண்டாம். கீழே இருப்பவருக்கும் கேட்கும், எதிர்வீட்டுக்காரருக்கும் கேட்கும், எதிர்வீட்டுக்காரர் பயந்துபோய்த் தன் வீட்டுக் குழாயையும் மூடிவிடுவார். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. டாக்டர்கள் குரல்வளையோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். கழுத்தில் வைத்துப் பேசும் கருவியைக் கொடுத்துப் பார்த்தார், அத்தான் அதைத் திருப்பிக் கொடுத்தார். மூச்சைப் பிடித்துப் பேசக் கற்றுக்கொடுத்தார், பொறுமைக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம், பாதியில் எழுந்து வந்துவிட்டார். கடைசியில் அந்த அம்மா ஒரு சிடியோடு வீட்டுக்கே வந்து கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமைப் போட்டுக் கொடுத்தார். டைப் அடித்தால் அது வாய்விட்டுப் படிக்கும். அன்றிலிருந்து அத்தான் கூடத்து மூலையில் உட்கார்ந்துதான் பேசுகிறார். போனிலேயே டைப் அடிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஸ்பேனர் பிடித்துத் தடித்த விரல், ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. போனைச் சோபாவில் வீசியதோடு அந்தப் பரீட்சை முடிந்தது.

அந்தப் புரோகிராமின் குரலை மனிதக் குரல் என்று சொல்ல முடியாது. காலி டிரம்முக்குள் தலையை விட்டுப் பேசுவது மாதிரி இருக்கும். ஏற்றம் இறக்கம் எதுவும் கிடையாது. "சாப்பிட்டாச்சா" என்பதும் "வெளியே போ" என்பதும் ஒரே தொனிதான். முதலில் சிரித்தோம், பிறகு பழகிவிட்டது. வருடங்கள் போகப் போக அது கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது என்பதையே மறந்துவிட்டோம். அத்தான் பேசினார் என்றுதான் சொல்வோம்.

மெஷினுக்கு வயதானபோது வந்தது வினை. அத்தான் டைப் அடித்துப் பொத்தானைத் தட்டுவார். உள்ளே ஃபேன் விர்ரென்று சுற்றும், சின்ன விளக்கு மினுக் மினுக்கென்று எரியும், குரல் மட்டும் வராது. அக்கா காத்திருக்கிற ரகம் இல்லை. சண்டை என்று வந்துவிட்டால் கூடத்தில் ஆரம்பித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, சொல்ல வேண்டாததையும் சொல்லி, அப்படியே சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். அதற்குப் பிறகு காலிக் கூடத்தில் டிரம் குரல் கிளம்பும், "உன் தம்பி மட்டும் ஒழுங்கா?" என்று. அந்தத் தம்பி நான்தான். பல தடவை அதைக் கேட்க அங்கே நான் மட்டுமே இருந்திருக்கிறேன்.

ஒருநாள் அத்தான் என்னை உட்காரவைத்து டைப் அடித்தார். நாங்கள் இருவரும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.

"நான் சொல்றது சூடா இருக்கும்போதே வெளிய வரணும்," என்றது குரல், ஆறிப்போய்.

நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பத்தில் எல்லோர் மெஷினும் என் தலையில்தான் விடியும். எப்போதோ ஒருமுறை பெரியப்பா வீட்டுப் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவிக் கொடுத்தேன், அந்தப் பாவம் இன்னும் தொலையவில்லை. சரி, கூடுதல் மெமரி வாங்கிப் போட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் புதுசாக மாற்றினால் வேகம் வரும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை அன்றே தைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பெட்டியைத் திறக்கப் பார்த்தால், திறக்க முடியவில்லை. பக்கத் தகடு விழாமல் இருக்க, பைப்பைச் சுவரோடு பிடிக்கும் இரும்புக் கிளாம்பைப் போட்டு இறுக்கி வைத்திருந்தார். பவர் ஒயர் ஆடாமல் இருக்கக் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப். இதில் தண்ணீர் ஒழுகாது, பயப்படாதீர்கள் என்றேன். முறைத்தார். உள்ளே இருந்த தூசியைத் தலையணை உறையில் அடைத்திருந்தால் ஒரு தலையணை தேறியிருக்கும்.

பழைய சிஸ்டத்தின் மேலேயே புதியதைப் போடலாம். ஆனால் பழைய குப்பையும் கூடவே வரும், வேகம் வராது. முழுக்கத் துடைத்துவிட்டுப் போடுவதுதான் ஒழுங்கு. அதனால் துடைப்பதற்கு முன் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும் என்று இரண்டு பேரையும் கேட்டேன். ஒரு தடவை அல்ல, அலுக்க அலுக்கக் கேட்டேன். அத்தான் தான் வேலை பார்த்த வீடுகளின் பைப்லைன் படங்களைக் கேட்டார். அக்கா போட்டோக்களைக் கேட்டாள். பிறகு யார் யாருடைய போட்டோ முக்கியம் என்று அவளே ஒரு சண்டை ஆரம்பித்தாள். அத்தானின் பதில் வருவதற்குள் அதை முடித்தும் விட்டாள். திரையில் நீந்தும் மீன் படம்கூட வேண்டும் என்றாள். மீனையும் எடுத்து வைத்தேன். அவ்வளவுதானே, துடைக்கட்டுமா என்று அத்தானிடம் கேட்டேன். அவர் டைப் அடித்தார். ஃபேன் சுற்றியது, விளக்கு மினுக்கியது.

"அவ்வளவுதான். துடைச்சுப் போடு," என்றது குரல்.

துடைத்துப் போட்டேன்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. பாதியில் நின்றுகொண்டு, இன்னும் சற்று நேரம் என்று திரை சொன்னது. அதன் சற்று நேரத்தில் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்தேன். தானாக அணைந்தது, தானாக எழுந்தது, மறுபடி அணைந்தது. அக்கா அடிக்கடி வந்து முடிந்ததா என்று கேட்டாள். அத்தான் அடைத்துக்கொண்ட பைப்பைத் தட்டுவதுபோல் பெட்டியை முஷ்டியால் தட்டினார். கையைப் பிடித்துத் தடுத்தேன். ஒருவழியாகப் புதுத் திரை வந்தது. தொட்டவுடன் திறக்கிறது, சொன்னவுடன் கேட்கிறது. நானே அசந்துபோனேன். எழுந்து அத்தானுக்கு நாற்காலியை விட்டேன்.

அவர் உட்கார்ந்தார். திரையின் வலது மூலையைப் பார்த்தார். இடது மூலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

அவசரமாக டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். எடுத்து வைத்த டிஸ்க்கில் பைப்லைன் படம் இருந்தது, போட்டோ இருந்தது, மீன் இருந்தது. குரல் இல்லை. அத்தான் சொல்லவில்லை, அக்கா சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வீடு மாறும்போது, சாமானோடு சேர்த்து வீட்டுக்காரரையும் மறக்காமல் வண்டியில் ஏற்று என்று யாராவது சொல்வார்களா? எங்களுக்கு அது ஒரு புரோகிராமாகவே தெரியவில்லை.

பதறிக்கொண்டு தேடியதில், புது சிஸ்டத்திலேயே வாசித்துக் காட்டும் வசதி இருந்தது. அதைப் போட்டேன். அத்தான் டைப் அடித்தார். அடித்து முடித்த அதே நொடியில், செய்தி வாசிக்கும் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இனிமையாக வந்தது.

"என் குரல் எங்க?"

யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே அக்கா கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். யாரும் வரவில்லை என்று நான் விளக்கினேன். புதியது எவ்வளவு வேகம், எவ்வளவு தெளிவு என்றெல்லாம் அளந்தேன். அவள் என் பேச்சைக் கேட்கவே இல்லை. அத்தான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் தடவை டாக்டர் எடுத்தாரு. சொல்லிட்டு எடுத்தாரு," என்றாள் என்னிடம். "நீ சொல்லாமலே எடுத்துட்டடா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அலுக்க அலுக்கக் கேட்டேனே, மீன் ஞாபகம் வந்தவளுக்குப் புருஷன் ஞாபகம் வரவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அத்தான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போனதைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிக்கொண்டேன். எனக்கு வேதனையாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவர் பேசவில்லை. ஒரு நாள் கோபம் என்று நினைத்தோம், தொடர்ந்தது. அக்காவும் அவரை டைப் அடிக்கச் சொல்லவில்லை. மகன் வயதில் எவனோ ஒருத்தன் கூடத்தில் உட்கார்ந்து தன்னை வா போ என்கிற மாதிரி இருக்கிறது, கூச்சமாக இருக்கிறது என்றாள். வீடு அமைதியாகிவிட்டது. அந்த வீட்டில் அமைதியைக் கேட்டால் யாருக்கும் பயம் வரும். போதாததற்குச் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. அத்தானிடம் சொன்னால் கழுத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாராம். குழாயைச் சரிபண்ண வாய் எதற்கு என்று அக்கா போனில் என்னிடம் கத்தினாள். நியாயமான கேள்விதான், ஆனால் அதை ஏன் என்னிடம் கத்த வேண்டும்? இந்த மனுஷர் இப்படியே ஊமையாகிவிடுவாரோ என்று அவள் பயப்படுகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. அதனால் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பயிற்சி கொடுத்த அம்மாவைத் தேடிப் போனேன். ஆஸ்பத்திரியில் அவர் வேலையை விட்டு நின்றாயிற்று என்றார்கள். ஒரு நர்ஸ் பேட்டையைச் சொன்னார், வீட்டைச் சொல்லவில்லை. பஸ் மாறிப் போய், கதவு கதவாகத் தட்டி, நாய் துரத்த ஓடி, ஒருவழியாக ஆளைப் பிடித்தேன். நல்ல வேளை, அந்த அம்மாவுக்கு எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் இல்லை. பரண்மேல் ஏறி, குடும்பத்தின் மொத்தத் தட்டுமுட்டுச் சாமானையும் என் தலையில் இறக்கி, சிடியை எடுத்துக் கொடுத்தார். ஆனால் இது புது சிஸ்டத்தில் ஓடாது, பழையதையே திரும்பப் போட்டால்தான் பேசும் என்றார். பரவாயில்லை என்றேன். எந்த முகூர்த்தத்தில் அதில் கை வைத்தேனோ, மறுபடி முழுக்கத் துடைத்துப் பழையதைப் போட்டுத் தொலைக்கிறேன் என்று கிளம்பினேன்.

அக்கா வீட்டு வாசலில் யாருடைய பைக்கோ நின்றது. பின்னால் பைப் துண்டுகள் கட்டியிருந்தன. எனக்குத் திக்கென்றது. உள்ளே போனால், பயந்தது சரி. அக்கா வெளியாள் ஒருவரைக் குழாய் வேலைக்குக் கூப்பிட்டிருந்தாள். தொப்பை வைத்த பெரிய மனிதர் ஒருவர் சிங்க்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். அத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"அந்த ஆளை வெளிய அனுப்பு," என்றது பையன் குரல், மிக மரியாதையாக.

ஏன் அனுப்ப வேண்டும், வீட்டில் இருக்கிற குழாய்க்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் நான் வாளி வைத்துப் பிடித்துக்கொண்டே இருக்கவா என்று அக்கா ஆரம்பித்தாள். முடிப்பதற்குள், என் வீட்டுக் குழாயில் இன்னொருத்தன் ஸ்பேனர் போடுவதற்கு நான் செத்துப்போய்விட்டேனா என்று வந்தது பதில். பேசாமல் கிடந்தால் வேறு எப்படித் தெரியும் என்றாள். நீ எப்போது பேசவிட்டாய் என்றது. அவள் ஒன்று சொல்ல, அத்தான் படபடவென்று தட்ட, அது சுடச்சுட ஒன்று சொல்ல, நான் வாசல்படியில் நின்றுகொண்டு முகத்தை இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டிருந்தேன். அக்கா பழக்கம்போலத் திட்டிக்கொண்டே சமையலறைக்கு நடந்தாள். இரண்டடி வைப்பதற்குள் முதுகில் பதில் விழுந்தது. நின்றாள். திரும்பினாள். சிங்க்குக்கு அடியில் கிடந்தவர் மெல்ல எழுந்து, சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, என்னிடம் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

இதுதான் சமயம் என்று நான் சிடியை எடுத்துக் காட்டினேன். கிடைத்துவிட்டது, பழைய குரலைத் திரும்பப் போட்டுவிடலாம், இன்றைக்கே உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்றேன்.

"பழையபடி மெதுவாத்தான் பேசுமா?" என்று அக்கா கேட்டாள்.

மெதுவாகத்தான் பேசும், பழைய சிஸ்டம் போட்டால்தானே அந்தக் குரல் என்றேன்.

"அப்ப வேண்டாம்."

வேண்டாமா? பஸ் மாறிப் பஸ் மாறி, நாயிடம் தப்பி, பரணையே தலையில் வாங்கிக்கொண்டு வந்தவனிடம் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? சொல்லாமல் எடுத்துவிட்டாய் என்று என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது யார்? இவ்வளவையும் கேட்டே விட்டேன், குரலை உயர்த்தியே கேட்டேன். அக்கா அத்தானைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"அந்தக் குரல்ல பதில் வர்றதுக்குள்ள நான் பேசி முடிச்சிருப்பேன். இத்தனை வருஷமா நான் தனியாத்தான் சண்டை போட்டுக்கிட்டிருந்திருக்கேன்."

அத்தான் தடித்த விரலால் இந்தத் தடவை நிதானமாகத் தட்டினார்.

"நீ தனியாப் போடல. நான் லேட்டா வந்தேன். நீ உள்ள போயிட்ட."

நான் சிடியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அக்கா சமையலறையிலிருந்து ஸ்டூலை எடுத்துவந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் உள்ள போனப்புறம் வேற என்னவெல்லாம் சொன்னீங்க?"

அத்தான் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு டைப் அடிக்க ஆரம்பித்தார்.