தெற்குப் பக்கத்துக் கதவு

பாளையம்பட்டி நாகேந்திரனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஜாதகம், சகுனம், பல்லி விழுந்த பலன் எதுவும் கிடையாது. யாராவது எதையாவது அடித்துச் சொன்னால் இரண்டே கேள்விதான் கேட்பார்: "பாத்தியா? அளந்தியா?" சொந்தக்காரர்கள் அவரைக் கல்யாணத்துக்கு அழைப்பார்கள், நிச்சயதார்த்தத்துக்கு அழைக்கமாட்டார்கள். நல்ல நேரம் குறிக்கிற இடத்தில் அந்த இரண்டு கேள்வியும் வந்துவிடும் என்கிற பயம்.

விசைத்தறி ரிப்பேர் அவருக்குப் பிழைப்பு. பொழுதுபோக்கைத்தான் வெளியில் சொல்ல அவர் மனைவி கங்கம்மாள் கூச்சப்படுவாள். அறுபதை நெருங்குகிற மனிதர் பொங்கல் திருவிழாக் கடையில் பிள்ளைகளோடு நின்று பொம்மை ரயில் வாங்குவார். எஞ்சினை அங்கேயே ஏதாவது ஒரு குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் பெட்டிகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவார். மஞ்சள் உடம்பும் நீலக் கூரையுமாக, எந்த நாட்டு ரயிலுக்கும் ஒட்டாத பெட்டிகள். அவற்றை நிஜமான ரயில்வே சரக்கு வேனாக மாற்றுவதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை.

முதலில் பெட்டியோடு வார்த்திருக்கும் ஏணியையும் இழுப்புக் கதவையும் உடைந்த ஹாக்ஸா பிளேடால் சுரண்டி எடுப்பார். காலாவதியான ஏடிஎம் கார்டை வெட்டி ரெட்டைக் கதவு செய்வார். தறியில் பாவு நூலைப் பிரித்து நிறுத்தும் அச்சிலிருந்து கழித்துப்போட்ட கம்பிகள் கைப்பிடியாகும். குண்டூசித் தலைகள் ரிவெட் ஆணிகளாகும். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடுதான் பெயின்ட். அது காய்ந்ததும் வேட்டித் துணியில் சலித்த கரிசல் புழுதியைப் பஞ்சால் ஒற்றுவார். நிஜத்தில் ஓரடி இருந்தால் பொம்மையில் மூன்றரை மில்லிமீட்டர். அதில் கால் மில்லி பிசகினாலும் அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்காது.

"என் வளையலைத் தொலைச்சு எட்டு மாசம் ஆச்சு. அதைத் தேடல. ரயில் பெட்டியில ஒரு ஆணி கொறையுதுன்னு முழங்காலு போட்டுத் தேடுறாரு" என்று கங்கம்மாள் பக்கத்து வீட்டில் சொல்வாள். அவர்கள் வீட்டில் பேச்சு கன்னடம். புருஷனைப் பற்றிய புகார் மட்டும் ஊருக்கே புரியவேண்டும் என்று தமிழில் வரும்.

அலமாரியில் ஒன்பது வேன்கள் சேர்ந்தன. பத்தாவதுதான் அவரைப் படுத்திவிட்டது.

திருச்சுழி ரோட்டில் ஓர் ஊர். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், அப்படிப்பட்ட ஊர் அது ஒன்றுதான் என்று மற்ற ஊர்கள் நிம்மதியடைந்துவிடும். மீட்டர்கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்து அகலப்பாதை போட்டபோது கழித்த பழைய சரக்கு வேன் ஒன்று, சக்கரமில்லாமல், அந்த ஊர் எல்லையில் கற்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முதலில் அது உரக்கடையாக இருந்தது. இப்போது பஞ்சாயத்தின் பிளீச்சிங் பவுடரும் தெருவிளக்கு பல்புகளும் அதில் குடியிருக்கின்றன. வடக்குப் பக்கம் ஊர். தெற்குப் பக்கம் காலனி.

நாகேந்திரன் ஐந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப்போய் அந்த வேனை அளந்தார். வடக்குப் பக்கத்தில் நின்று கதவை அளந்தார், கீல்களை எண்ணினார். தெற்கே போகத் திரும்பியபோது டீக்கடையிலிருந்து ஒருவர், "அந்தப் பக்கம் என்னண்ணே இருக்கு? பூராம் கருவேல முள்ளு. இதே மாதிரிதான் அதுவும்" என்றார். நாகேந்திரன் திரும்பி வந்து டீ குடித்தார். பாத்தியா, அளந்தியா என்று அன்றைக்கு ஏனோ அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பத்தாவது வேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவோடு, அச்சு அசலாக வந்தது. ஆசிரியையாக இருக்கும் மகள் தேவிபிரியா, தன் பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சியில் அதை வைக்கச் சொன்னாள். நாகேந்திரன் ஓர் அட்டையில் தன் கையாலேயே எழுதி முன்னால் நிறுத்தினார்: 'இதில் அளக்காமல் வைத்த ஆணி ஒன்றுகூட இல்லை.'

காலையிலிருந்து எல்லாரும் பார்த்துப் பாராட்டிப் போனார்கள். மத்தியானம் பேச்சி வந்தாள். அந்த வேன் இருக்கிற ஊரின் வார்டு உறுப்பினர், காலனிக்காரி. குனிந்து வடக்குப் பக்கத்தைப் பார்த்தாள். மேஜையைச் சுற்றி வந்து தெற்குப் பக்கத்தைப் பார்த்தாள். அப்புறம் அட்டையைப் படித்தாள்.

"எங்க ஊரு வேன்தானண்ணே இது?"

"ஆமா தாயி. அசலா இருக்கா?"

"இந்தப் பக்கம் அசல். அந்தப் பக்கம் ஏது கதவு?"

"ஏன், கதவு இல்லையா?"

"எங்க வீட்டு வாசல்ல நின்னா தெனமும் அந்தப் பக்கந்தான் தெரியும். நீங்க எந்தப் பக்கம் நின்னு பாத்தீக?"

பேச்சி போனதும் நாகேந்திரன் அட்டையை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகள் கேட்டதற்குக் காற்றில் விழுந்துவிட்டது என்றார். மின்விசிறிகூட ஓடாத அறை அது.

பேச்சி கேட்டது எப்படியோ வீட்டுக்கும் வந்துவிட்டது. கங்கம்மாள் விடுவாளா? "முப்பது வருஷமா என் குலதெய்வத்தை அளந்தியா அளந்தியான்னு கேட்டீக. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது, சரி. இந்த வேன் கண்ணு முன்னால இருந்துச்சே. அதைச் சுத்திவர எத்தனை எட்டு வைக்கணும்?"

"பதினாறு" என்றார் நாகேந்திரன். வடக்குப் பக்கத்து அளவிலிருந்து கணக்குப் போட்டுச் சொன்னார்.

கருவேல முள்ளைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அதுதான் அவரைக் குத்திக்கொண்டிருந்தது. முள் இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். சாமி இருக்கிறது என்று எத்தனையோ பேர் சொன்னபோது நம்பாதவர், இதை உடனே நம்பிவிட்டார். ஏன்? அந்த 'ஏன்' அவருக்குப் பிடிக்கவில்லை. அட்டையைத் திரும்ப வைக்கவேண்டுமென்றால் அது உண்மையாக இருக்கவேண்டும். வேறு வழியில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போனார். டீக்கடையைத் தாண்டி வேனைச் சுற்றி நடந்தார். பதினாறு எட்டு. முள் ஒன்றுமில்லை. பெருக்கித் தெளித்த வாசல்கள்தான் இருந்தன. கதவு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முழு இரும்புத் தகடு, நாலு ஓரமும் வெல்டிங்.

பேச்சி வெளியே வந்தாள். உட்கார நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்துவிட்டுக் கதையைச் சொன்னாள்.

"உரக்கடை வந்த புதுசுல ரெண்டு கதவும் தொறந்திருந்துச்சுண்ணே. நடுவுல ஒரு தராசு. ஊர்க்காரவுக அந்தக் கதவுல, நாங்க இந்தக் கதவுல. அவுகளுக்கு ஒரு மூட்டை, எங்களுக்கு ஒரு மூட்டைன்னு மாத்தி மாத்திப் போட்டாக. ஒரு வாரம்தான். சாரல் அடிக்குதுன்னு சொல்லித் தகட்டை ஒட்டிட்டாக."

"தெக்க இருந்து என்ன சாரல்?"

"அதை அவுகள்ட்டல்ல கேக்கணும். அப்புறம் நாங்க சுத்திப் போயி, அவுக வாங்கி முடியுற வரைக்கும் நிக்கணும். எங்கய்யா இருளாண்டி மழை பேஞ்ச மறுநாள் போயி நின்னா, உரத்தோட திரும்பி வாரதுக்குள்ள நெலத்துல ஈரம் காஞ்சிரும்."

நாகேந்திரன் எழுந்து தகட்டை அளந்தார். நீளம், அகலம், கனம். நோட்டில் எழுதினார். கோபம் வந்தால் அவருக்கு எழுத்து சிறிதாகிவிடும். அந்தப் பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

"அளந்துட்டு என்ன செய்வீக?"

"பொம்மையில கதவை எடுத்துட்டுத் தகட்டை வைக்கணும். உள்ளது உள்ளபடி."

"பொம்மையில கதவு நல்லாத்தானண்ணே இருக்கு. அதை ஏன் கெடுக்குறீக?"

நாகேந்திரன் பேனாவை மூடினார். அவரிடம் வெட்டுகிற கிரைண்டர் இருந்தது. இத்தனை வருஷம் நிஜத்தைப் பார்த்துப் பொம்மையைத் திருத்தியவருக்கு, பொம்மையைப் பார்த்து நிஜத்தைத் திருத்தலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்டோபர் இரண்டு கிராம சபையில், தகட்டை வெட்டி எடுக்கப் பேச்சி தீர்மானம் கொண்டுவந்தாள். ஜாதியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாரும் திடீரென்று என்ஜினீயர் ஆனார்கள். தகட்டை எடுத்தால் வேன் சாய்ந்துவிடும் என்றார் ஒரு பெரியவர்.

பேச்சி கூட்டிவந்திருந்த நாகேந்திரன் நோட்டைப் பிரித்தார். "பாரம் பூராம் மூலைத் தூணுல நிக்குது. அளந்திருக்கேன். இந்தத் தகடு எதையும் தாங்கல."

"அதுக்குன்னு எடுத்த எடுப்புல வெட்ட முடியுமா? நல்ல நாள் ஒண்ணு பாக்கணும்."

"ஒட்டுனது எந்த நல்ல நாள்லன்னு சொல்லுங்க பெரியய்யா. அதே நாள்ல வெட்டிக்கிருவோம்" என்றாள் பேச்சி.

பின்வரிசையில் பெண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் வடக்குப் பக்கத்துப் பெண்களும் இருந்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. மனதாரக் கையெழுத்துப் போட்டவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் அந்தச் சிரிப்புக்குப் பயந்து போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்து நாகேந்திரன் கிரைண்டரை வைத்தார். ஒரு மணிநேரம் பொறி பறந்தது. தகடு சாய்ந்தது. வேன் சாயவில்லை. உள்ளே, பன்னிரண்டு வருஷம் வெயில்படாத ரெட்டைக் கதவு, ரயில்வே அடித்த பெயின்ட் மங்காமல் இருந்தது. பேச்சி தாழ்ப்பாளை இழுத்தாள். நாலு பேர் சேர்ந்து தள்ளியதும் முனகிக்கொண்டு திறந்தது. வடக்கு வாசலும் திறந்திருந்ததால் டீக்கடை நேராகத் தெரிந்தது. டீக்கடைக்காரர்களுக்கும் காலனி நேராகத் தெரிந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். நாகேந்திரன் மட்டும் முகம் சுருங்கிக் கதவோரமாகக் குனிந்து நின்றார்.

"என்னண்ணே, அடிபட்டுருச்சா?"

"ஒரு கதவுக்கு மூணு கீல்தான் இருக்கு."

"அதுக்கென்ன?"

"நான் நாலு வச்சிருக்கேன். வடக்க நாலு. அங்க தெனம் தொறந்து தொறந்து கதவு தொங்கிப்போய், பின்னால ஒண்ணு கூடச் சேத்திருக்கான். அசல் இதுதான்."

அன்று மாலையே பொம்மையின் தெற்குப் பக்கத்து ரெட்டைக் கதவில், கதவுக்கு ஒரு கீலாகச் சுரண்டி எடுத்தார். சட்டைப்பையில் கசங்கிக் கிடந்த அட்டையைத் தேய்த்து நிமிர்த்தி அலமாரியில் வேனுக்கு முன்னால் நிறுத்தினார். எட்டி நின்று பார்த்தார். மனசுக்கு நிறைவாக இருந்தது.

காபி கொண்டுவந்த கங்கம்மாள் வேனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் அப்படிச் சொன்னது கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. பிறகு விரலால் கூரையைத் தடவினாள்.

"மேல ஏறிப் பாத்தீகளா?"

நாகேந்திரன் காபியை வைத்தார். அட்டையை எடுத்து மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். செல்போனை எடுத்துப் பேச்சியைக் கூப்பிட்டார்.

"தாயி, உங்க தெருவுல ஏணி யார்ட்ட இருக்கு?"