நோரீன் தள்ளிய கார்

மேயோ பக்கத்துக் கிராமக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்தால் கூட்டம் உடனே கலையாது. நோரீன் கார் தள்ளுகிற கூத்தைப் பார்த்துவிட்டுத்தான் கலையும். கணவன் மலாக்கி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகுவான். சில நாள் கிளம்பும். சில நாள் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி.

"தின்ன உருளைக்கிழங்கெல்லாம் எங்கடி போச்சு? தள்ளு!"

புது பேட்டரி போட்டான், புது ஸ்டார்ட்டர் போட்டான். 'டக்' மட்டும் போகவில்லை. மெக்கானிக் ஃபெஸ்டஸின் பட்டறை கோயிலுக்கு எதிரிலேயே இருந்தது. ஆனால் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டும் சதுப்பு நிலத்தில் ஒரு முழ எல்லைக்காக இருவருக்கும் தீராப் பகை. எதிரே வருகிறவர் யாரானாலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்குவது அந்த ஊர் வணக்கம். இவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அதைக்கூடத் தூக்கமாட்டார்கள்.

மலாக்கியைப் புதைத்த மறுவாரமும் கார் கோயில் வாசலில் மக்கர் செய்தது. நோரீன் அதை நேரே பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

ஃபெஸ்டஸ் பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து எஞ்சினுக்குத் தனியாக ஒரு ஒயரைப் பிடித்தான். உடனே கிளம்பியது. அதே வழியில் போன பழைய எர்த் ஒயரின் நுனி பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. சுரண்டி, போல்ட்டை முடுக்கினான். வேலை முடிந்தது.

"அந்தச் சத்தத்தக் கேட்டப்பவே எர்த்துதான்னு தெரியும். அவன் ஒரு விரல் தூக்கியிருந்தா ஓடிவந்து சொல்லியிருப்பேன்."

"அவன் உள்ள சொகுசா உக்காந்திருந்தான். தள்ளினது நான். எனக்கும் உனக்கும் என்னய்யா பகை?"

கார் நகர்ந்தபோது ஃபெஸ்டஸ் ஒரு விரலைத் தூக்கினான். நோரீனின் இரு கைகளும் ஸ்டீயரிங்கை விடவில்லை.